சக்கரத்தைப் பிடிக்கும் பூட்டு

ஸ்கூட்டரை நிறுத்திய பின் கைப்பிடியை ஒரு பக்கமாகத் திருப்பிச் சாவியால் பூட்டுவது வாசகர் யாவரும் அறிந்த பழக்கமே. அப்படிப் பூட்டிய வண்டியைத் திருட வருபவன் தள்ளிப் பார்த்தால், அது நின்ற இடத்திலேயே வட்டமடிக்குமேயன்றி நேர்வழியில் செல்லாது. மோட்டார் கார்களிலும் இவ்வேற்பாடு உண்டு. ஸ்டியரிங் சக்கரத்திலிருந்து கீழிறங்கும் இரும்புத் தண்டில் ஒரு பள்ளம் இருக்கும். சாவியை உருவிய பின் சக்கரத்தைச் சற்றே அசைத்தால், சுருள்வில்லின் விசையால் ஒரு முளை அப்பள்ளத்தில் சென்று பதிந்துகொள்ளும். மறுநாள் காலையில் சாவியைத் திருப்பினால் முளை பின்வாங்கும்.

சில வேளைகளில் சாவி திரும்ப மறுக்கும். சாவி கெட்டுவிட்டது, பூட்டு கெட்டுவிட்டது என்று பதறி மெக்கானிக்கைத் தேடி ஓடுவோர் பலர். உண்மை யாதெனில், முன்சக்கரங்கள் ஒருபுறம் சாய்ந்து நிற்பதால் தண்டு அம்முளையைப் பக்கவாட்டில் நெருக்கிக்கொண்டிருக்கிறது. ஒரு கையால் ஸ்டியரிங்கை மெல்ல இடமும் வலமும் அசைத்தவாறே மறுகையால் சாவியைத் திருப்பினால் நெருக்கம் விலகி முளை விடுபடும். பலத்தைக் காட்டினால் சாவிதான் முறியும்.

இப்பூட்டின் வரலாறும் சுவையானது. மேற்கு ஜெர்மனி 1960-களின் தொடக்கத்தில், புதிய கார்களுக்கு மட்டுமன்றி ஏற்கெனவே சாலையில் ஓடிக்கொண்டிருந்த பழைய கார்களுக்கும் ஸ்டியரிங் பூட்டைக் கட்டாயமாக்கிற்று. அங்கே கார்த் திருட்டு பெருமளவில் வீழ்ந்தது. பிரிட்டனோ 1971 முதல் புதிய கார்களுக்கு மட்டும் அதனை விதித்தது. லண்டன் மாநகரில் 1969-இல் களவு போன கார்களில் ஏறக்குறைய 21 விழுக்காடு புதியவை. 1973-இல் அது 5 விழுக்காடாகச் சுருங்கிற்று. திருடர்கள் மனந்திரும்பிவிட்டனர் என்று எவரும் மகிழ வேண்டாம். பூட்டில்லாத பழைய கார்களின் பக்கம் போனார்கள், அவ்வளவுதான். பிரிட்டிஷ் உள்துறையின் ஆய்வாளர்கள் 1976-இல் வெளியிட்ட அறிக்கையில் இக்கணக்கு காணக்கிடக்கிறது.

அமெரிக்க நாட்டில் இதற்கான விதி 1970 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அவ்விதியில் ஒரு நுட்பம் உண்டு. சாவியை எடுத்தபின் ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளலாம், அல்லது வண்டி தன் விசையால் முன்னோக்கி நகராதபடி தடுக்கப்படலாம்; இரண்டில் ஒன்று இருந்தால் போதும் என்பதே அது. இந்த “அல்லது” பின்னால் நமக்குப் பயன்படப்போகிறது; ஆகவே வாசகர் இதனை நினைவில் வைக்க வேண்டுகிறேன்.

பங்குப் பணியின் பொருட்டு நான் சில ஆண்டுகள் கென்டக்கி மாநிலத்தின் தென்பகுதியில் தங்கியிருந்தேன். அங்கே பௌலிங் கிரீன் என்னும் ஊரில் 1981 முதல் கார்வெட் என்ற ஸ்போர்ட்ஸ் கார் தயாராகிறது. 1953-இல் வெறும் முந்நூறு வண்டிகளுடன் மிச்சிகனில் தொடங்கிய அந்தக் கார், அமெரிக்கர் பலருக்குக் குடும்பத்தில் ஒரு பிள்ளை மாதிரி. அதற்கென ஓர் அருங்காட்சியகமே அவ்வூரில் இருக்கிறது. 2014 பிப்ரவரி 12-ஆம் நாள் விடியற்காலையில் அதன் தரை உள்வாங்கி எட்டுக் கார்கள் பள்ளத்தில் விழுந்த செய்தியை வாசகர் சிலர் அப்போது படித்திருக்கலாம். சுண்ணாம்புப் பாறைக் குகைகள் நிறைந்த மண் அது.

அந்தக் காரின் ஐந்தாம் தலைமுறை, 1997 முதல் 2004 வரையிலான மாடல்கள். 5.7 லிட்டர் எஞ்சின், எட்டு சிலிண்டர், தொடக்கத்தில் 345 குதிரைத்திறன். இதன் ஸ்டியரிங் பூட்டில்தான் நான் சொல்ல வந்த சங்கதி இருக்கிறது. இதில் சாவி நேரடியாக முளையைத் தொடுவதில்லை. சாவியைச் செருகியதும் ஒரு சிறு கம்ப்யூட்டர் அதனை உணர்ந்து, ஸ்டியரிங் தண்டருகே உள்ள குட்டி மோட்டாருக்கு “திற” என்று கட்டளை அனுப்புகிறது. மோட்டார் சுழன்று பூட்டை விலக்குகிறது. விலகியதும் “திறந்துவிட்டேன்” என்ற செய்தி கம்ப்யூட்டருக்குத் திரும்பி வரவேண்டும். வராவிட்டால் ஓட்டுநருக்கு எதிரேயுள்ள பலகையில், ஸ்டியரிங் பூட்டைச் சரிபார்க்கவும் என்று எழுத்து ஒளிரும். சாவியை உருவிப் பத்து விநாடி பொறுக்கவும் என்றும் சில வேளை சொல்லும். எஞ்சின் கிளம்பும், ஆனால் வண்டி நகரத் தொடங்கியதுமே எரிபொருள் நிறுத்தப்பட்டு அணைந்துவிடும்.

ஏன் இந்தக் கெடுபிடி? பூட்டிய ஸ்டியரிங்கோடு ஓடும் கார் என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு ஓடும் குதிரை. முதல் வளைவிலேயே எதிரே வருபவரின் உயிருக்கு உலை வைக்கும். ஆதலால் பூட்டு திறந்ததா என்பதில் ஐயம் இருந்தால் நில் என்று பொறியாளர்கள் அதற்குக் கற்பித்து வைத்தார்கள். நல்ல ஏற்பாடு என்றே சொல்வேன். ஆயினும் இந்தக் காவலுக்கும் ஒரு பலவீனம் இருந்தது. எஞ்சினை ஆளும் கம்ப்யூட்டருக்கு மின்னழுத்தம் குறைந்தாலோ இடையில் அறுந்தாலோ, எரிபொருளை நிறுத்தும் வேலை நடவாமற் போகக்கூடும் என்பது பின்னர்த் தெரியவந்தது. அதனால் 2004-இல் இக்கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன. தானியங்கிக் கியர் உள்ள வண்டிகளில் பூட்டுத் தட்டையே கழற்றிவிடும் முறையும் கையாளப்பட்டது. அவற்றில் கியர் நெம்பினால் வண்டி நகராமல் தடுக்கப்படுவதால், மேலே சொன்ன “அல்லது” அங்கே கைகொடுத்தது. கையால் கியர் மாற்றும் வண்டிகளில் பூட்டு தங்கிற்று.

எங்கள் பங்கில் ஓய்வு பெற்ற பள்ளிப் பேருந்து ஓட்டுநர் ஒருவர் இருந்தார். எழுபதைக் கடந்தவர். 1999-ஆம் ஆண்டு மாடல் கார்வெட் ஒன்று, ஆறு கியர் கொண்டது, அவரிடம் இருந்தது. பனிக்காலம் முழுவதும் அது வீட்டுக் கொட்டகையில் போர்வையிட்டுக் கிடக்கும். 2017-ஆம் ஆண்டு வசந்தத்தில் அவர் அதனை வெளியே எடுத்தபோது ஸ்டியரிங் பூட்டு எச்சரிக்கை வந்தது. ஒருநாள் வரும், மறுநாள் வராது. அதனுடன் பிரேக்கின் ஏ.பி.எஸ். விளக்கு எரியும், ஏர்பேக் விளக்கு எரியும், ஜன்னல் கண்ணாடி பாதியில் நிற்கும். ஒரு ஒர்க்ஷாப்பில் ஸ்டியரிங் தண்டை முழுமையாக மாற்ற வேண்டுமென்று கூறி, அவருடைய சில மாத ஓய்வூதியத்தை விழுங்கக்கூடிய ஒரு தொகையைக் கேட்டார்கள். அவர் வீட்டுக்கு வந்து, கடையில் விற்கும் ஒரு சிறு பெட்டியைத் தபாலில் வரவழைத்தார். அதை இணைத்துவிட்டால் எச்சரிக்கை ஒழிந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை. ஜூன் மாதம் அந்தக் காரைத் தம் மகளுக்குக் கொடுத்துவிடப் போவதாகவும் சொன்னார். மகள் இருந்தது ஏறக்குறைய நூறு கிலோமீட்டர் தெற்கே, நாஷ்வில் நகரில்.

குருமட நாட்களில் பழைய வானொலிப் பெட்டிகளைக் கழற்றிப் பூட்டிப் பழகியவன் என்பதால், மல்டிமீட்டரைக் கண்டால் எனக்கு இன்றும் கை அரிக்கும். பெட்டியை இணைக்கும் முன் இரண்டு நாள் பொறுக்குமாறு அவரைக் கேட்டுக்கொண்டேன்.

முதற்கண், கார் தானே சொல்வதைக் கேட்டோம். இந்த வண்டியில் தனிக் கருவி எதுவும் இன்றிப் பலகையிலுள்ள பொத்தான்களை அழுத்தியே பழுதுக் குறிகளைப் படிக்கலாம். ஒவ்வொரு குறியின் முடிவிலும் ஓர் எழுத்து வரும். சி என்றால் பழுது இப்போது இருக்கிறது. எச் என்றால் எப்போதோ வந்து போனது, அதன் நினைவு மட்டும் எஞ்சியிருக்கிறது. எழுத்தைப் பார்க்காமல் குறிகளை மட்டும் எழுதிக்கொண்டு உதிரிப்பாகக் கடைக்கு ஓடுகிறவர்கள், என்றோ ஆறிய புண்ணுக்கு இன்று மருந்து வாங்குகிறார்கள். நாங்கள் படித்தபோது ஏறத்தாழ இருபது குறிகள் வரிசையாக வந்தன. பெரும்பான்மை எச். அவற்றுள்ளும் பல, ஒரு கம்ப்யூட்டர் மற்றொன்றைக் காணவில்லை என்று முறையிடும் குறிகள்.

அந்தக் காரில் கம்ப்யூட்டர் ஒன்றல்ல, பல. பிரேக்குக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, கதவுக்கு ஒன்று என்று ஆங்காங்கே அமர்ந்து கம்பி வழியே தமக்குள் பேசிக்கொள்கின்றன. மின்னழுத்தம் சரிந்தால் ஒவ்வொன்றும் தடுமாறி அடுத்ததன்மேல் குறை சொல்லும். வீட்டில் அடுப்பு எரியாத நாளில் எல்லாருக்கும் எல்லார்மேலும் கோபம் வருவதைப் பார்த்ததில்லையா? ஒரே வேளையில் ஐந்தாறு இடங்களில் பழுது தோன்றினால் ஐந்தாறு பாகங்களும் ஒருங்கே கெட்டிருக்க வழியில்லை. எல்லாவற்றுக்கும் பொதுவான ஒன்று நலிந்திருக்கிறது.

ஆகவே பாட்டரிக்குச் சென்றோம். நன்கு நிரம்பிய 12 வோல்ட் பாட்டரி, வண்டி ஓய்ந்திருக்கையில் 12.6 வோல்ட் காட்ட வேண்டும். அவருடையது 12.1. எஞ்சினைக் கிளப்பும் கணத்தில் 9.6-க்குக் கீழே போகலாகாது, அவருடையது 8.7-க்கு இறங்கிற்று. அதே கணத்தில்தான் பூட்டைத் திறக்கும் மோட்டாரும் கம்ப்யூட்டர்களும் தத்தம் பங்கைக் கேட்கின்றன.

வண்டியைக் குற்றம் சொல்வதற்கில்லை. சாவியை எடுத்த பின்னும் இத்தகைய கார்கள் கடிகாரத்துக்கும், நினைவுக்கும், சாவியின் அழைப்பைக் கேட்கும் காதுக்குமாகச் சிறிது மின்சாரம் உண்டுகொண்டே இருக்கும். ஓர் ஆம்பியரில் இருபதில் ஒரு பங்கு என்று கொண்டாலும் நாளொன்றுக்கு 1.2 ஆம்பியர்-மணி. ஐம்பது, அறுபது ஆம்பியர்-மணி பாட்டரி ஐம்பது நாட்களுக்குள் வறண்டுபோகும். அவர் வண்டி ஐந்து மாதம் கிடந்தது. உறைபனிக் காலத்தில் வறண்டு கிடக்கும் பாட்டரி மறுபடி முழு வலிமை பெறுவது அரிது. நெடுநாள் நிறுத்தும் வண்டிக்கு மெல்ல மின்னூட்டும் சிறு சார்ஜர் ஒன்றைப் பொருத்திவைப்பதே தக்கது.

பாட்டரியைத் தூக்கி அடியிலும் பார்த்தோம். இந்த மாடலில் எஞ்சின் கம்ப்யூட்டர் பாட்டரிக்குக் கீழே இருக்கிறது. பழைய பாட்டரி கசிந்தால் அமிலம் கம்பிகளின் மேல் சொட்டி அவற்றை அரித்துவிடும். நல்லவேளையாக, தட்டின் ஓரத்தில் வெள்ளைப் பூப்பு சிறிது இருந்ததேயன்றி ஈரம் கீழே இறங்கவில்லை. சோடா உப்பைக் கரைத்துக் கழுவினோம். புதிய பாட்டரி வந்தது. எதிர்முனைக் கம்பியை முதலில் கழற்ற வேண்டும், கடைசியில் பூட்ட வேண்டும் என்பதை நினைவூட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே, “ஃபாதர், முப்பது ஆண்டு பேருந்து ஓட்டியவன் நான்” என்றார்.

ஒன்பது நாட்கள் எந்த எச்சரிக்கையும் இல்லை. பத்தாம் நாள் ஓர் இரவு மழை. காலையில் பழைய எழுத்து மீண்டும் ஒளிர்ந்தது. மனிதர் சோர்ந்துவிட்டார். பெட்டியை எடுத்து மேசைமேல் வைத்தார்.

மழைக்குப் பின் வருவது என்பதே எனக்கு ஒரு தடயமாகத் தோன்றிற்று. இந்தக் காரின் மேலுடல் இரும்பன்று. இழை கலந்த பிளாஸ்டிக். இரும்பு உடல் கொண்ட வண்டியில் விளக்கோ மோட்டாரோ எங்கே இருந்தாலும் அருகிலுள்ள தகட்டோடு எர்த் கம்பியை முடிந்துவிடலாம். இதில் அது முடியாது. எல்லா எர்த் கம்பிகளும் அடியிலுள்ள இரும்புச் சட்டகத்தைத் தேடி வந்து, சில குறிப்பிட்ட போல்ட்டுகளில் கூடுகின்றன. அந்தப் போல்ட் துருவேறினால் அதில் கூடிய அத்தனை உறுப்புகளும் ஒருங்கே நோய்ப்படும்.

விளக்குகளையும் விசிறியையும் ஓடவிட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எதிர்முனையிலும் மற்றொன்றை ஒவ்வோர் எர்த் போல்ட்டின் கம்பி நுனியிலும் வைத்துப் பார்த்தோம். பத்தில் ஒன்று, இரண்டு வோல்ட்டுக்குமேல் காட்டினால் அங்கே தடை இருக்கிறது என்று பொருள். இடப்பக்க முன்விளக்கின் கீழேயிருந்த போல்ட்டில் 0.6 காட்டிற்று. ஸ்பானரால் கழற்றியபோது உள்ளே பச்சையும் பழுப்புமாய்ப் பூத்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்துப் பளபளப்பாக்கி, இறுக்கி, மேலே கிரீஸ் தடவினோம். செலவு, ஒரு தாள் உப்புத்தாள். சாவியின் தண்டில் பதித்திருந்த சிறு கறுப்பு வில்லையையும் துடைத்தோம். அது ஒரு மின்தடை. பதினைந்து அளவுகளில் ஒன்று அதில் இருக்கும், அளவு பொருந்தாவிட்டால் எஞ்சின் கிளம்பாது. 1986 முதல் கார்வெட்டில் வந்த காவல் அது.

அதன்பின் மூன்று வாரம், இரண்டு மழை, ஓர் எச்சரிக்கையும் இல்லை. எனினும் அந்தப் பெட்டி மேசையிலேயே இருந்தது. அதைப் பற்றி எங்களுக்குள் நடந்த வாதம் சிறிது நீண்டது.

பெட்டி செய்யும் வேலை என்ன? கம்ப்யூட்டருக்கும் பூட்டு மோட்டாருக்கும் நடுவே அமர்ந்து, மோட்டாரின் கம்பியைத் துண்டித்துவிட்டு, “பூட்டு திறந்திருக்கிறது” என்று எப்போதும் பதில் சொல்வதே. பூட்டு முழுதும் திறந்திருக்கும்போது அதனை இணைத்தால் மோட்டார் மறுபடி அசையாது. சொல்வதும் உண்மையாகவே இருக்கும். ஆயிரக்கணக்கானோர் அப்படிப் பொருத்தி நலமாக ஓட்டுகிறார்கள் என்பதே அவருடைய வாதம். அதனை நான் மறுக்கவில்லை. ஆனால் பூட்டு பாதி மட்டும் விலகி நின்ற வண்டியில், நோய் இன்னதென்று அறியாமல் அதை இணைத்திருந்தால்? முளை நுனி இன்னும் பள்ளத்தின் விளிம்பில் இருக்க, பெட்டி “திறந்தது” என்று சாட்சி சொல்லும். கம்ப்யூட்டர் அதை நம்பும். எரிபொருள் நிற்காது. பொறியாளர்கள் எந்த விபத்துக்கு அஞ்சி அந்தக் காவலை அமைத்தார்களோ, அதே விபத்துக்குக் கதவைத் திறந்து வைத்தவர்கள் ஆவோம். ஓட்டப்போவது நீங்கள்கூட அல்ல, உங்கள் மகள் என்றேன்.

அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “அப்படியானால் பூட்டையே எடுத்துவிட்டால்?” என்று வினவினார்.

எனக்கு அது சரியாகப் பட்டது. பூட்டுத் தட்டு உடலளவிலேயே இல்லாமற்போனால், அதன்பின் பெட்டி சொல்வது பொய்யாகாது. தானியங்கிக் கியர் வண்டிகளில் அதே தட்டு அகற்றப்பட்டிருக்கிறது. திருடனைத் தடுக்க வில்லை பதித்த சாவி இருக்கிறது. ரிவர்ஸ் கியரில் நிறுத்திக் கைப்பிரேக்கை இழுத்துவிட்டால் தள்ளிக்கொண்டு போவதும் எளிதன்று. ஆயினும் கையால் கியர் மாற்றும் காரில் பூட்டை எடுப்பது சட்டத்துக்கு ஒத்ததா என்பது நாட்டுக்கு நாடு வேறுபடும். ஐரோப்பிய நாடுகள் பலவற்றில் வண்டிப் பரிசோதனையில் அது தடையாகலாம். அங்கே இருப்பவர்கள் விசாரித்தே செய்ய வேண்டும்.

ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்கவில்லை. தட்டைக் கழற்ற வேண்டுமாயின் ஸ்டியரிங் சக்கரத்தை எடுக்க வேண்டும். அதன் நடுவில் ஏர்பேக் இருக்கிறது. ஏர்பேக்கினுள் வெடிமருந்து இருக்கிறது. பாட்டரியைக் கழற்றிய பின்னும் சிறிது நேரம் அதில் மின்விசை தங்கும். மார்புக்கு நேரே வெடித்தால் என்னாகும் என்று விவரிக்கத் தேவையில்லை. இதனைப் பயிற்சி பெற்ற மெக்கானிக் ஒருவரிடம் விடச் சொன்னேன், அவரும் இசைந்தார். ஒரு மதியப் பொழுதில் வேலை முடிந்தது. கழற்றிய தட்டு உள்ளங்கையளவு இரும்பு; அவர் வீட்டுச் சமையலறை ஜன்னலில், மருந்துச் சீட்டுகள் பறக்காமலிருக்க அதை வைத்திருந்தார்.

ஜூன் மாதத்தில் மகள் வந்து வண்டியை ஓட்டிச் சென்றார். அன்றிரவே தொலைபேசியில் அழைத்தார். தந்தையாரின் முகம் வெளுத்துவிட்டது. ஸ்டியரிங் நலமாக இருக்கிறதாம். மேலெழும்பும் முன்விளக்குகளில் வலப்பக்கத்தது மட்டும் பாதியில் நின்று கரகரவென்று சத்தமிடுகிறதாம். பிளாஸ்டிக் பல்சக்கரத்துக்குப் பதினெட்டு வயதாகிவிட்டது, தேயாமல் என்ன செய்யும்? விளக்கு மோட்டாரில் உள்ள குமிழைக் கையால் திருப்பினால் விளக்கு மேலே வரும், பித்தளையில் செய்த பல்சக்கரம் தனியே விலைக்குக் கிடைக்கும், மோட்டாரை முழுதாக மாற்ற வேண்டியதில்லை என்று சொல்லச் சொன்னேன். அதற்கு முன்பே அவர் ஸ்பானர் பெட்டியைக் காரில் ஏற்ற எழுந்துவிட்டார்.